மறு: மறு: கலைச்சொல் வேண்டும், நாளை மாலைக்குள்

அன்பு நண்பர்களுக்கு,

செவிலியர் மாணவிகளுக்கான பாடக்குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன்: இரவில் சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலடோனின் இதயத்தசையைக் காக்கும் விதம். மாரடைப்பில் தமனி அடைபட்டால் தசை சாகிறது, தெரிந்ததுதான். அடைப்பை நீக்கியதும் திரும்பிவரும் குருதி இன்னொரு சுற்று அழிவைச் செய்கிறதே, அதற்குத்தான் பெயர் இல்லை. ஆக்சிஜன் வந்த வேகத்தில் தனி உறுப்புகள் (free radicals, செல்லைத் தாக்கும் மூலக்கூறுகள்) பெருகி, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளை திறந்து, அதுவரை தாக்குப்பிடித்த செல்லும் போய்விடுகிறது. ‘மீள்குருதிக் காயம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். சரியா?
— ம.

அம்மா, காயம் என்றால் உடம்பு. சமையலறையில் வேறு பொருள். ‘மடைதிறப்பு ஊறு’ என்க. காய்ந்த வயலுக்கு மதகை முழுக்கத் திறந்தால் நாற்று பெயர்ந்துவிடும் அல்லவா? மடு என்ற வேரில் பிறந்தது மடை. மடுத்தல் என்றால் ஊட்டலும்கூட. செவிமடுத்தல், மடைப்பள்ளி எல்லாம் ஒரே குடும்பம்.
— செ.

ஐயா, ஊறு என்றால் தொடுவுணர்வும்தான். ஏற்பிகள் (ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் செல் புரதங்கள்) வரும் பாடத்தில் அந்தச் சொல்லை வைத்தால் மாணவி தலையைப் பிய்த்துக்கொள்வாள். அதோடு, மதகைத் திறந்ததே பிழை என்ற தொனி வருகிறது. எந்த நோயாளியாவது கேட்டுவிட்டு அடைப்பை எடுக்க வேண்டாம் என்றால்? திறக்காவிட்டால் மிச்சத் தசையும் போகும். ‘மீள்பாய்வுச் சேதம்’ போதும்.
— ர. (மருத்துவர்)

சேதம் வடசொல்.
— செ.

யாழ்ப்பாணத்திலை நாங்கள் ஏற்பியை ‘வாங்கி’ எண்டுதான் படிச்சனாங்கள். ஏற்பி எண்டால் ‘ஏற்பது இகழ்ச்சி’தான் ஞாபகம் வருகுது. ஒரு நல்ல ஹோர்மோனை வாங்கிறதிலை என்ன இகழ்ச்சி?
— த.

எந்தச் சொல்லானாலும் அது இங்கே முக்கியம். மெலடோனினுக்கு எம்.டி.1, எம்.டி.2 என்று இரண்டு ஏற்பிகள். எலி இதயத்தில் லூசிண்டோல் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து அவற்றை அடைத்துவிட்டால், மெலடோனின் இருந்தும் காப்புக் கிடைப்பதில்லை. தனி உறுப்புகளை நேரே துடைப்பது மட்டுமே அதன் வேலை இல்லை என்று அதனால்தான் சொல்கிறோம்.
— ர.

பார்த்தீர்களா, மறுபடி ‘அடை’! இருக்கட்டும். மெலடோனினுக்கே ‘நள்ளி’ என்று பெயர் வைப்போம். நள் என்றால் இருள், நடு இரவு. நள்ளுதல் என்றால் நட்புக் கொள்ளுதல். இரவில் சுரந்து இதயத்துக்கு நண்பனாவது. கடையெழு வள்ளல்களில் ஒருவன் பெயரும் நள்ளி!
— செ.

வள்ளல் என்று இப்போதே பட்டம் கட்டாதீர்கள். ஸ்பெயினில் மாரடைப்பு நோயாளிகளுக்கு ஊசிவழி கொடுத்துப் பார்த்தார்கள். இதயச் சேதம் குறையவில்லை. எலிக்கு நண்பன், அவ்வளவுதான். அமெரிக்கத் தோல் மருத்துவர் லெர்னர் 1958-இல் மெலடோனினைப் பிரித்தபோது வைத்த பெயரிலேயே கிரேக்கக் ‘கருமை’ இருக்கிறது. ஆனால் அது தவளைத் தோலை வெளுக்கவைக்கும் பொருள். வேர்ச்சொல்லை நம்பினால் இப்படித்தான். மெலடோனின் மெலடோனினாகவே இருக்கட்டும். ‘இதயக்காப்பி’ என்று எழுதியிருக்கிறீர்களே ம., அதையும் மாற்றுங்கள். தூக்க ஹார்மோனுக்குக் காப்பியா?
— ர.

‘மீள்பாய்வுச் சேதம்’, ‘ஏற்பி’, ‘இதயக் காப்பு’ என்று அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பில் ‘வாங்கி’ உண்டு. செ. ஐயா பொறுத்துக்கொள்ளவும்.
— ம.

பொறுத்தேன், ஒப்பவில்லை. மடை பற்றி இன்னொன்று விட்டுப்போயிற்று, தனி இழையில் எழுதுகிறேன்.
— செ.