ஃபோர்ட்நைட்: இருவாரமா, அரைமாதமா, பட்சமா?

அனைவருக்கும் வணக்கம்,

சம்பளக் கணக்கு மென்பொருளில் வரும் 'ஃபோர்ட்நைட்லி' (இரண்டு வாரத்துக்கு ஒருமுறை) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசும் இந்த இழையில் இதுவரை இருவாரம், அரைமாதம், அரைத்திங்கள், பட்சம், ஈரேழிரவு என்று ஐந்து சொற்கள் வந்துவிட்டன. எல்லாமே அழகான சொற்கள்தான், ஆனால் எல்லாம் ஒரே அளவைக் குறிக்கவில்லை. பணம் புழங்கும் இடத்தில் அது இடிக்கும்.

முதலில் ஈரேழிரவு. இதை முன்மொழிந்தவர் கேலிக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா தெரியவில்லை, ஆனால் ஆங்கிலச் சொல்லின் வேரை அப்படியே பிடித்திருக்கிறார். பழைய ஆங்கிலத்தில் 'ஃபேயோவர்டீனே நிஹ்ட்', அதாவது பதினான்கு இரவு, தேய்ந்து தேய்ந்து ஃபோர்ட்நைட் ஆனது. இதற்குத் தம்பி ஒருவனும் இருந்தான், 'சென்னைட்', ஏழு இரவு. (சென்னைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!) ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தில் சூனியக்காரி ஒரு மாலுமியைச் சபிக்கும்போது ஒன்பது முறை ஒன்பது சென்னைட் அவன் வாடி வதங்கட்டும் என்கிறாள், அது 81 வாரம். வீக் என்ற சொல் கையில் இருந்ததால் சென்னைட் வழக்கொழிந்தது, இரண்டு வாரத்துக்கு வேறு ஒற்றைச் சொல் இல்லாததால் ஃபோர்ட்நைட் பிழைத்துக்கொண்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் அதையும் ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, இந்தியாவில் இன்னும் நடமாடுகிறது.

ஏன் பகலை விட்டுவிட்டு இரவை எண்ணினார்கள்? ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியக் குடிகளைப் பற்றி எழுதியதில் இது வருகிறது: அவர்கள் நம்மைப்போல நாள்களை எண்ணுவதில்லை, இரவுகளை எண்ணுகிறார்கள், ஊர்க்கூட்டத்தையும் அமாவாசையிலோ பௌர்ணமியிலோதான் கூட்டுகிறார்கள் என்கிறார். அவருக்கு முன்பே ஜூலியஸ் சீசர் 'கால்' (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டு மக்களைப் பற்றியும் இரவுக்கணக்கைச் சொல்லியிருக்கிறார். நிலாவைப் பார்த்துக் காலம் கணிப்பவனுக்கு இரவுதானே கணக்கு. நமக்கும் இது புதிதல்ல. நவராத்திரியை இரவால்தான் எண்ணுகிறோம், 'நாள்' என்ற தமிழ்ச் சொல்லுக்கே நட்சத்திரம் என்று ஒரு பொருள் உண்டு, நாண்மீன் என்பது அதுதான். ஆகவே ஈரேழிரவு ஒன்றும் அந்நியமாக இல்லை. கதை மொழிபெயர்ப்பில் யாராவது போட்டால் கைதட்டுவேன், சம்பளச் சீட்டில் வேண்டாம்.

சரி, பட்சம். இதற்குத்தான் இழையில் ஆதரவு அதிகம், காரணமும் புரிகிறது. சோழர் கல்வெட்டுகளில் பூர்வபக்ஷம் (வளர்பிறை), அபரபக்ஷம் (தேய்பிறை) என்று நாள் குறித்திருக்கிறார்கள், இந்தியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் இதழைப் பாக்ஷிக் என்றுதான் சொல்கிறார்கள், மகாளய பட்சம் தெரியாத வீடு குறைவு. ஆனால் பட்சம் என்பது திதிக் கணக்கு. அமாவாசைக்கு அமாவாசை சராசரியாக 29.53 நாள் என்றால் அதில் பாதி 14 நாளுக்கும் மேலே முக்கால் நாள். சில சமயம் பதின்மூன்றே நாளில் ஒரு பட்சம் முடிந்துவிடும், மகாபாரதத்தில் போருக்கு முன் வியாசர் அதைத் துர்நிமித்தமாகச் சொல்கிறார். அப்புறம் இன்னொரு சிக்கல்: இன்றைய தமிழில் பட்சம் என்றதும் குறைந்தபட்சமும் அதிகபட்சமும்தான் நினைவுக்கு வருகின்றன, 'பட்சச் சம்பளம்' என்று திரையில் பார்க்கிற ஊழியர் குறைந்தபட்சச் சம்பளம் என்று எடுத்துக்கொள்வாரா மாட்டாரா? வளர்பிறை தேய்பிறைக்கே பட்சத்தை விட்டுவிடுவோம்.

அரைமாதமும் அரைத்திங்களும் ஒரே கட்சி, அவற்றில் எனக்கு அரைமாதம் போதும். ஆனால் அரைமாதம் ஃபோர்ட்நைட் அல்ல. இதை வெறும் இலக்கணச் சண்டையாக நினைக்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போட்டால் ஆண்டுக்கு 26 முறை, மாதத்தில் இருமுறை போட்டால் 24 முறை. ஒரே ஆண்டுச் சம்பளத்தை 26ஆல் வகுப்பதும் 24ஆல் வகுப்பதும் ஒன்றாகிவிடுமா? ஆஸ்திரேலியாவில் சம்பளமும் அரசு உதவித்தொகையும் பதினான்கு நாளுக்கு ஒருமுறை வருவது சாதாரணம், அங்கிருக்கும் தமிழர் ஒருவர் இந்த மென்பொருளைத் தமிழில் திறந்து 'அரைமாதம்' என்று தேர்ந்தெடுத்தால் கணக்கு உதைக்கும்.

வேடிக்கை என்னவென்றால் ஆங்கிலச் சொல்லே இப்போது சட்டத்தில் இடம் மாறிவிட்டது. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் ஃபோர்ட்நைட் என்றால் ஒரு சனிக்கிழமை தொடங்கி அடுத்துவரும் இரண்டாவது வெள்ளிக்கிழமை வரை என்று இருந்தது, அதாவது சுத்தமாகப் பதினான்கு நாள். 2025ஆம் ஆண்டின் வங்கிச் சட்டத் திருத்தம் அதை 1 முதல் 15 தேதி வரை, 16 முதல் மாதக் கடைசி வரை என்று மாற்றியது. பிப்ரவரியின் பின்பாதி 13 நாள், ஜனவரியின் பின்பாதி 16 நாள், இரண்டுக்கும் பெயர் ஃபோர்ட்நைட்! வேர்ப்பொருளைப் பிடித்துத் தொங்கி 'பதினான்கு' என்று எண்ணை உள்ளே வைத்துச் சொல் செய்திருந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருப்போம். ஆகவே ஆங்கிலச் சொல் ஒன்றுதான் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றையே வைத்துக்கொள்ளத் தேவையில்லை. 14 நாள் என்றால் இருவாரம், மாதத்தை இரண்டாக வெட்டினால் அரைமாதம், புதிய வங்கிச் சட்டத்தின் ஃபோர்ட்நைட்டை அரைமாதம் என்றே எழுதலாம்.

பேச்சில் 'ஒரு பதினஞ்சு நாள் கழிச்சு வா' என்கிறோமே, அதை எடுக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றுதான் சொல்கிறார்கள், வேல்ஸ் மொழியில் 'பிதெவ்னோஸ்', பதினைந்து இரவு. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணுகிற பழக்கம் அது. பேச்சுக்குச் சரி, மென்பொருளில் எண் என்று எழுதிவிட்டால் அந்த எண்ணாகத்தான் படிப்பார்கள்.

இருவாரம் என்பதில் ஒரே ஒரு பயம் இருந்தது, அமெரிக்கர்களின் 'பைவீக்லி' மாதிரி வாரத்துக்கு இருமுறையா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா என்று குழம்புமோ என்று. குழம்பாது. நம் பத்திரிகைக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: வாரமிருமுறை (ஜூனியர் விகடன் நினைவிருக்கும்), மாதமிருமுறை. எண் வாரத்துக்கு முன்னால் வந்தால் ஒரு பொருள், பின்னால் வந்தால் வேறு பொருள்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற பழைய கணினி நிறுவனத்தின் வி.எம்.எஸ். இயங்குதளத்தில் ஓர் அமைப்பின் (setting) அளவு மைக்ரோஃபோர்ட்நைட் என்ற கால அலகில் இருந்ததே, அதற்கும் இதே சொல்லா என்று வேறொரு கேள்வி. இரண்டு வாரத்தின் 12,09,600 நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சுமார் 1.2 நொடி, அந்தப் பொறியாளர்களின் குறும்பு அது, அதை ஒலிபெயர்த்து அப்படியே விடலாம்.

ஆக, மென்பொருளில் சம்பள இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலுக்கு என் முன்மொழிவு: வாரந்தோறும், இருவாரந்தோறும், மாதமிருமுறை, மாதந்தோறும். காலப்பகுதியைக் குறிக்கும் இடத்தில் இருவாரம், அரைமாதம். 'இருவாரத்துக்கொருமுறை' கைப்பேசித் திரையில் பொத்தானை விட்டு வெளியே வழிகிறது, 'இருவாரந்தோறும்' அடங்குகிறது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், குறிப்பாக வங்கியில் வேலை பார்க்கிறவர்கள்.