குயின் மேரி 2 கப்பலில் இரவுச் சாப்பாட்டுக்கு அப்பா வேட்டி கட்டலாமா?

வணக்கம். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சவுதாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு குயின் மேரி 2 கப்பலில் போகிறோம், 7 இரவுகள். மாலை 6 மணிக்கு மேல் பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் அரைக்கால் சட்டை கூடாது, காலா இரவுகளில் (எல்லோரும் விசேஷமாக உடுத்தி வரும் கொண்டாட்ட இரவுகள்) கோட்டு சூட்டு அல்லது அவரவர் நாட்டின் முறையான உடை என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு 72 வயது, தன் கல்யாணத்துக்குக்கூட கோட்டு போட்டதில்லை. பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, அங்கவஸ்திரம் போதுமா, அதற்கு மேல் கோட்டும் கேட்பார்களா? காலுக்குத் தோல் செருப்பா, ஷூதானா? கிங்ஸ் கோர்ட் பஃபேயில் சாதாரண உடையிலேயே சாப்பிடலாம், சரி, ஆனால் அந்த இரவுகளில் அவரை மட்டும் அங்கே உட்கார வைக்க எனக்கு மனசே வரவில்லை. அப்புறம் அம்மாவின் காஞ்சிப் பட்டுக்கு மேல் சால்வை போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.