மொறிஸ் மைனருக்கு கொறொல்லா பின் ஆக்சில்: வெட்டிக் குறுக்கலாமா?

கோண்டாவில்_மைனர்:

அண்ணைமாருக்கு வணக்கம். அப்பப்பாவின் மொறிஸ் மைனர் 1000, 948 சிசிக்காரன். 90களில் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடி ஓடியே எஞ்சின் முடிந்து, பிறகு கனகாலம் கொட்டிலில் நின்றது. இப்போது ரொயோட்டா 5கே எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றியிருக்கிறேன். 1486 சிசியைப் பழைய பின் ஆக்சில் தாங்காது என்று பார்த்த ஆட்கள் எல்லாரும் சொன்னதால் கேஈ 70 கொறொல்லா ஒன்றின் ஆக்சிலை பிரேக் ட்ரம்மோடு வாங்கிவிட்டேன்.

கீழே பக்கத்துப் பக்கம் வைத்து அளந்தால் பழையதைவிட ஒவ்வொரு பக்கமும் 30 மில்லிமீற்றர் அகலம் கூட, சில்லு மட்காட்டில் உரசும். குழாயை வெட்டிக் குறுக்கி, உள்ளே இருக்கிற ஷாஃப்டையும் வெட்டி ஒட்டித் தரலாம் என்று ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். மற்றது, கொறொல்லாவில் காயில் ஸ்பிரிங்கும் நான்கு லிங்க் கம்பியும், மைனரில் தகட்டு ஸ்பிரிங். தகட்டைக் கழற்றிவிட்டு காயிலுக்கே மாறலாமா? ரேஸ் ஓட இல்லை, அப்பாவை ஏற்றிக்கொண்டு காரைநகர் போய்வர வேண்டும், அவ்வளவுதான்.

லேத்_பட்டறை:

தம்பி, ஷாஃப்டை மட்டும் ஒட்ட விடாதையும். இந்த வகை ஆக்சிலில் ஷாஃப்ட் சில்லைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, காரின் பாரமும் அதன் வெளிமுனையில்தான் இருக்கிறது. நடுவில் முறிந்தால் அந்தச் சில்லுக்கு வெளிப் பெயாரிங் ஒன்றைத் தவிர வேறு பிடி இல்லை. என் இளவயதில் ஒரு வானுக்கு இப்படி ஒட்டின ஷாஃப்ட் நாவற்குழிக்குக் கிட்ட முறிந்தது. முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஒட்டு அப்படியே இருந்தது, அதற்கு அரை அங்குலம் தள்ளி சீனிக்கட்டி உடைந்த மாதிரி மணல் மணலாக முறிவு. பதம் ஏற்றின இரும்பு அது, ஒட்டுகிற சூட்டில் பக்கத்து இடம் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். குறுக்கத்தான் வேண்டுமென்றால் முனையை வெட்டி, உள்பக்கப் பல்லைப் புதிதாக வெட்டவேண்டும். அதைச் சரியாகச் செய்கிற மெசின் எல்லா லேத்திலும் இல்லை.

ஆனால் 30 மில்லிமீற்றருக்கு ஆக்சிலை ஏன் வெட்டுகிறீர்? மைனரின் போல்ட் வட்டம் (சில்லுப் போல்ட்கள் நிற்கிற வட்டத்தின் விட்டம்) 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர், கொறொல்லாவுக்கு 114.3. எப்படியும் பின்னுக்கு வேறு றிம் வாங்கத்தானே வேண்டும். முன்சில்லு இழுக்கிற கார்களின் றிம்மில் பூட்டும் முகம் வெளிப்பக்கம் தள்ளியிருக்கும், அதனால் சில்லு உள்ளே போய் நிற்கும். நான்கு துளை 114.3 இல் அப்படிப்பட்ட றிம் தேடி, ரயரோடு ஒருதரம் பூட்டிப் பாரும். உள்பக்கம் தகட்டு ஸ்பிரிங்கில் முட்டாமல் ஒரு விரல் போக இடம் இருந்தால் போதும்.

சங்கானை_கராஜ்:

அண்ணை சொன்னதுதான் சரி. நான் தகட்டைப் பற்றிச் சொல்கிறேன், அதையே வைத்திருங்கள். மைனர் காருக்குத் தனிச் சேசி கிடையாது (வானுக்கும் பிக்கப்புக்கும் மட்டும்தான் இருந்தது), பொடியே எல்லாவற்றையும் தாங்குகிறது. சில்லு காரைத் தள்ளுகிற தள்ளு முழுதும் தகட்டின் முன்கண் (முன்முனையில் போல்ட் போகிற வளையம்) வழியாகப் பொடிக்குப் போகிறது, அந்த இடத்தை அதற்கென்றே பலமாகக் கட்டியிருக்கிறார்கள். நான்கு கம்பி போட்டால் அதே தள்ளு வெறும் தரைத்தகட்டில் இறங்கும். அதைத் தாங்க உள்ளே குறுக்குச்சட்டம் கட்டவேண்டும், காயிலுக்கு இருக்கை, ஆக்சில் பக்கவாட்டில் ஆடாமலிருக்க இன்னொரு நீளக் கம்பி என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

முதலில் அந்த முன்கண் பூட்டும் இடத்தை ஸ்க்ரூட்றைவரால் குத்திப் பாருங்கள். என்னுடையதில் பூச்சு வடிவாக இருந்தது, குத்தினவுடன் அப்பளம்போல நொறுங்கியது. உப்புக்காற்று செய்கிற வேலை.

அப்புறம் ஆக்சிலில் பழைய காயில் இருக்கைகளை வெட்டித் தேய்த்துவிட்டு, தகட்டுக்கான இருக்கையைப் பொட்டு ஒட்டு (தற்காலிகமாகப் பிடிக்கிற சின்ன ஒட்டு) மட்டும் போட்டு வையுங்கள். எஞ்சின், சீட், பெற்றோல், முன்னுக்கு இரண்டு பேர் எல்லாம் ஏறி, கார் தன் சில்லில் நிற்கும்போதுதான் கோணம் பார்க்கவேண்டும், ஜாக்கில் நிற்கும்போது பார்த்தால் பிழைக்கும். கியர்பெட்டி முனையும் டிஃப் மூக்கும் (ஆக்சில் நடுவில் புறொப்பெல்லர் ஷாஃப்ட் பூட்டும் முனை) சமாந்தரமாக வரட்டும், அதிலிருந்து மூக்கை 1 அல்லது 2 பாகை கீழே இறக்குங்கள், ஏனென்றால் அக்சிலேற்றரை மிதிக்கும்போது தகடு முறுகி மூக்கு மேலே எழும்பும். முழு ஒட்டுக்கு முன் எண்ணெயை வடித்து ஷாஃப்ட் இரண்டையும் வெளியே எடுங்கள். சின்னச் சின்னத் துண்டாக, பக்கம் மாற்றி மாற்றி ஒட்டி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது, குழாய் வளைந்துவிடும். தகட்டுப் புஷ் போல்ட்களைக் கடைசியில் கார் தரையில் நிற்கும்போது இறுக்குங்கள், இல்லாவிட்டால் றப்பர் முறுகினபடியே நின்று கெதியில் கிழியும்.

லேத்_பட்டறை:

பிரேக்கையும் பாரும் தம்பி. முன்னுக்கு மைனரின் ட்ரம், பின்னுக்கு கொறொல்லா ட்ரம் என்றால் மழை றோட்டில் பின்சில்லு முதலில் இறுகி கார் சுற்றும். முன்னுக்கு டிஸ்க் போடாமல் ஓடாதையும். முன் ஹப்பையும் அப்போதே 114.3க்கு மாற்றினால் ஒரே ஒரு ஸ்பெயார் சில்லு போதும். மாற்றத்தைப் பதிவது பற்றி ஆர்எம்வியில் (மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில்) வேலை தொடங்க முதலே கேளும்.

கோண்டாவில்_மைனர்:

நன்றி அண்ணைமார். பின்னேரம் குத்திப் பார்த்தேன். வலப்பக்கம் நல்ல இரும்பு, இடப்பக்கம் ஸ்க்ரூட்றைவர் பிடிவரை உள்ளே போய்விட்டது. ஆக்சிலை வெட்டக் கொடுக்கவில்லை. இந்தக் கிழமை இடப்பக்கத்துத் துருவை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுக்கிறேன், படம் போடுகிறேன், எத்தனை மில்லிமீற்றர் தகடு வைக்கலாம் என்று பார்த்துச் சொல்லுங்கள்.