அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய்: உடன்பிறந்தவர்களுக்குப் பரிசோதனை எப்போது?

கருங்கல் தங்கை (கேள்வி):

வணக்கம். என் அண்ணனுக்கு வயது 47. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்கிறார். ஏறத்தாழ ஒரு வருடமாக மலத்தோடு இரத்தம் போய்க்கொண்டிருந்தது. காட்டிய இடத்தில் சரியாகப் பரிசோதிக்காமலேயே மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தார்கள், அவரும் நம்பிவிட்டார். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7 என்று வந்தது. அதன் பிறகே கொலனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா உள்ள குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) செய்து, பெருங்குடலின் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் புற்றுநோய் என்று உறுதியானது. அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. எடுத்த 16 நிணநீர் முடிச்சுகளில் 2-இல் நோய் இருந்ததால் மூன்றாம் நிலை என்கிறார்கள். அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்குகிறது.

எனக்கு 41, தம்பிக்கு 38. இருவருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. "ஒன்றுமில்லாத உடம்பில் எதற்குக் குழாயை விட வேண்டும்" என்கிறான் தம்பி. நாங்கள் இப்போதே பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? அண்ணனின் மகளுக்கு 19 வயது. அவளைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்:

சகோதரி, இருவருக்குமே நேரம் வந்துவிட்டது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் இந்நோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னரோ, இவற்றில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோப்பி தொடங்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. உங்கள் குடும்பக் கணக்கில் அது 37. முதல் சோதனை நன்றாக இருந்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொடர வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லாதவர்கள் 45 வயதில் தொடங்கலாம் என்பது அமெரிக்காவில் 2021-இல் வந்த பரிந்துரை. அவர்களுக்கு ஆண்டுதோறும் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் காணும் சோதனையும் ஒரு வழி. உங்கள் இருவருக்கும் அதைவிடக் கொலனோஸ்கோப்பியே ஏற்றது.

தொந்தரவு இல்லாதபோது செய்வதில்தான் இதன் பயனே இருக்கிறது என்று தம்பியிடம் சொல்லுங்கள். பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் பாலிப் என்னும் சிறு தசைவளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்தாண்டு அளவில் எடுத்துக்கொள்கின்றன. வலி தராத அந்தக் காலத்தில் குழாய் வழியாகவே அதை அறுத்து எடுத்துவிட்டால், அந்தப் பாலிப் புற்றாக வழியே இல்லை. அரசின் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றுக்குத்தான் பரிசோதனை நடக்கிறது. இதற்கு யாரும் வீடு தேடி வந்து அழைக்கமாட்டார்கள், நாமாகப் போய்க் கேட்க வேண்டும்.

தோவாளை வாசகர்:

ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே மூன்றாம் நிலையில் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் சிகிச்சை பெற்றவன் நான். முதல் நாள் ஆக்ஸாலிபிளாட்டின் ஊசி, பிறகு பதினான்கு நாள் கேப்சைட்டபின் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு என்று 21 நாள் சுற்றாக எனக்குக் கீமோ கொடுத்தார்கள். அந்த ஊசிக்குப் பிறகு குளிர் ஆகாது. ஒருநாள் விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கை வைத்தேன். விரல் நுனியெல்லாம் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்றது. சிலருக்கு விரல்களில் மரத்துப்போதல் நிலைத்தும் விடுகிறது. உங்கள் அண்ணன் இருட்டோடு எழுந்து கத்தி பிடித்துப் பட்டையை நூலளவில் சீவுகிறவர் என்பதால், தம் தொழிலை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நோயின் ஆழத்தைப் பொறுத்துச் சிலருக்கு மூன்று மாதமே போதும். மரத்துப்போவது கூடினால் அந்த ஊசியைக் குறைக்கவோ நிறுத்தவோ அவர்களால் முடியும். மறைத்துக்கொண்டு தாங்குவதுதான் தவறு.

கொலனோஸ்கோப்பியைவிட அதற்கு முந்தைய நாள்தான் சிரமம். இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, பயறு, கொய்யா, சிவப்பரிசிச் சோறு ஆகியவற்றை விடுங்கள். முந்தைய நாள் இளநீரும் பால் சேர்க்காத கட்டன் சாயாவும் குடிக்கலாம். பேதி மருந்தை மிச்சம் வைக்காமல் குடியுங்கள். குடல் சுத்தமாகாவிட்டால் சிறு பாலிப் கண்ணில் படாமல் போய்விடும்.

கருங்கல் தங்கை:

மிக்க நன்றி. தம்பி இதைப் படித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். இனி அண்ணன் வீட்டில் மீன் சமைக்கக் கூடாது என்று உறவினர் சொல்வது உண்மையா? மகளுக்கு என்ன செய்வது?

ஓய்வுபெற்ற செவிலியர், நாகர்கோவில்:

மீனை நிறுத்தத் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தியது, பதப்படுத்திய இறைச்சியைத்தான். மதுவும் புகையும் கட்டாயம் விலக வேண்டும்.

மகளைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அறுவையில் எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அதில் எம்எம்ஆர் புரதங்களுக்கான (செல் பிரியும்போது டிஎன்ஏ-வில் நேரும் பிழைகளைத் திருத்துபவை) சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். அதில் குறை தெரிந்து, இரத்தச் சோதனையில் லிஞ்ச் என்னும், இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு உறுதியானால், அதே கோளாறு மகளுக்கும் உள்ளதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அவளுக்குப் பரிசோதனை 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கும். லிஞ்ச் உறுதியானால் உங்கள் இருவருக்கும் மரபணுச் சோதனை தேவைப்படும். அப்படி ஏதும் இல்லை என்று வந்தால் அவள் 37 வயது வரை காத்திருக்கலாம். அடுத்த வாரம் கீமோவுக்குப் போகும்போதே பயாப்ஸி அறிக்கையைக் கையில் எடுத்துச் சென்று கேட்டுவிடுங்கள்.