'டாட்ஜி'க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடருக்குத் தமிழ் வசன வரிகள் எழுதுகிறேன். 'டாட்ஜி' (dodgy) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பேச்சில் பிரிட்டிஷ்காரர்கள் இதை எதற்கும் சொல்வார்கள். பழைய கார் விற்பவர் டாட்ஜி என்றால் நம்ப முடியாத ஆள். முழங்கால் டாட்ஜி என்றால் அடிக்கடி மக்கர் செய்கிறது. இதே பொருள் தரும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான 'ஷேடி' (shady) ஆளுக்கும் பேரத்துக்கும் சரி, முழங்காலுக்கு ஆகாது. அமெரிக்கர்களின் 'ஸ்கெட்சி' (sketchy) கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. நழுவுவதைக் குறிக்கும் 'டாட்ஜ்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் 'டாட்ஜி'. அந்த நழுவல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

காட்சியில் ஒருவர் முதலில் இறால் டாட்ஜி என்கிறார். அடுத்த வரியிலேயே அதை வாங்கி வந்த மைத்துனரும் டாட்ஜி என்கிறார். சிரிப்பே அந்த ஒரே சொல்லில்தான். 'வில்லங்கம்' மைத்துனருக்குக் கச்சிதம், இறாலுக்கு ஒட்டவில்லை. 'ஒரு மாதிரி' இரண்டுக்கும் பொருந்துகிறது, ஆனால் காரம் குறைவு.

உங்கள் ஊர்ப் பேச்சில் ஆளுக்கும் பண்டத்துக்கும் சேர்த்துச் சொல்லும் வார்த்தை உண்டா? எந்த வட்டாரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் பேருதவி.