பக்கத்துக் குதிரைக்குக் காய்ச்சல்: ரிசல்ட் வரும்வரை சொல்லாமல் இருக்கலாமா?

செவலைப்பரி:
பல பேருடைய குதிரைகள் ஒன்றாக நிற்கும் லாயத்தில் என் குதிரையையும் விட்டிருக்கிறேன். பக்கத்துக் கொட்டடிக் குதிரை சில நாளாகத் தீனியில் வாய் வைக்கவில்லை. காய்ச்சல் 39.6 டிகிரி. மூக்கில் முதலில் தண்ணீராக ஒழுகியது, இப்போது மஞ்சளாகக் கெட்டியாக வருகிறது. தாடைக்கு அடியில் வீக்கம். கை வைத்தால் தலையை உதறுகிறது. டாக்டர் ஸ்ட்ராங்கிள்ஸாக (தாடை, தொண்டைப் பகுதியில் சீழ்க்கட்டி வைக்கும், குதிரைக்குக் குதிரை தொற்றும் நோய்) இருக்கலாம் என்று சாம்பிள் எடுத்துப் போயிருக்கிறார். லாயத்தை நடத்துபவரோ, "ரிசல்ட் வரட்டும், அதுவரை யாரிடமும் பேச வேண்டாம்" என்கிறார். வெளியே அவிழ்த்துவிட்டால் எல்லாக் குதிரைக்கும் ஒரே தண்ணீர்த்தொட்டிதான். நான் மற்றவர்களிடம் சொல்லிவிடலாமா?

லாயக்காரன்:
நானும் லாயம் நடத்துகிறவன். உங்கள் லாயக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது. சந்தேகம் என்று சொன்ன அன்றே நாலு பேர் வண்டி கொண்டுவந்து குதிரையை ஏற்றிப் போய்விடுவார்கள். அதில் ஒன்றுக்கு ஏற்கெனவே தொற்றியிருந்தால் அது போய் இறங்குகிற லாயத்துக்கும் நோய் போகும். மூக்கு ஒழுகினாலே ஸ்ட்ராங்கிள்ஸ் என்று சொல்லிவிட முடியாது. பல் வேரில் சீழ் பிடித்தாலும், சைனஸ் கோளாறு என்றாலும் ஒழுகும். ரிசல்ட் 'இல்லை' என்று வந்தால், கெட்ட பெயரை யார் துடைப்பது? அந்தக் குதிரையின் சொந்தக்காரரை ஆளுக்கொரு பேச்சு பேசியிருப்பார்களே, அதை யார் திரும்ப வாங்கிக்கொள்வது?

பரிவைத்தியம்:
கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன். பல் வேர்ச் சீழோ சைனஸோ என்றால் பெரும்பாலும் ஒரு பக்க மூக்கில்தான் ஒழுகும். இங்கே காய்ச்சலும் தாடை வீக்கமும் சேர்ந்து வந்திருக்கின்றன. ரிசல்ட் வரும்வரை இதை ஸ்ட்ராங்கிள்ஸ் என்றே வைத்து நடக்க வேண்டும்.

லாயக்காரர் சார், நீங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று இருக்கிறது. இந்தக் கிருமி தொற்றினால் 3 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வரும். காய்ச்சல் வந்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் மூக்கு வழியாகக் கிருமி வெளியேறத் தொடங்கும். ஒரு குதிரை மற்றதற்குக் கொடுப்பதற்கு முன்னால் அதைப் பிரித்து வைக்க நமக்குக் கிடைப்பது அந்த இடைவெளி மட்டும்தான். எல்லாக் குதிரைக்கும் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தால் அதைப் பிடித்துவிடலாம். 38.5-ஐத் தாண்டியதும் தனியே கொண்டுபோக வேண்டும். வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் யாரும் தெர்மாமீட்டரையே எடுக்க மாட்டார்கள்.

லாயக்காரன்:
டாக்டர், காய்ச்சல் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. 'வழக்கமான பரிசோதனை' என்று சொல்லிப் பார்க்கலாமே, நோயின் பெயர் எதற்கு? தனியே கொண்டுபோவது என்கிறீர்கள், எங்கே? பல லாயங்களில் ஒரு காலிக் கொட்டடிகூடக் கிடையாது. ஆளும் அதே ஆள்தான்.

வெள்ளைக்குளம்பு:
பெயரைச் சொல்லாமல் பரிசோதனையா? அவரவர் குதிரையைத் தொட்டுக் கொஞ்சுகிறவர்கள் நாங்கள். ஒரு மூக்கைத் தடவிய கையோடு அடுத்த மூக்குக்குப் போகிறோம். காரணம் தெரியாமல் யாரும் அதை நிறுத்தப் போவதில்லை.

ஆள் ஒருவரே என்றால் வேலையின் வரிசையை மாற்றுங்கள். நோயாளியின் பக்கமே போகாத குதிரைகள் முதலில், பக்கத்தில் நின்றவை அடுத்து, நோயுற்றது கடைசியில். அதற்கென்று தனி வாளி, தனி பிரஷ், தனித் தலைக்கயிறு, மேலே போட்டுக்கொள்ள ஒரு தனிச் சட்டை. காலிக் கொட்டடி இல்லையென்றால் மைதானத்தின் ஒரு மூலையை இரட்டை வேலி போட்டுப் பிரிக்கலாம். இந்த நோய் காற்றில் வெகுதூரம் போகாது. தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயைக் கவனித்துப் பாருங்கள். அதன் நுனி ஒரு வாளித் தண்ணீரில் முங்கியபடியே கிடக்கும், அப்படியே தூக்கி அடுத்த வாளியில் போடுவார்கள். தண்ணீரில் இந்தக் கிருமி வாரக்கணக்கில் பிழைத்திருக்கும். அந்தப் பொதுத்தொட்டியை இன்றைக்கே மூடுங்கள்.

மணிக்கடிவாளம்:
எல்லாக் குதிரைக்கும் முன்கூட்டியே பெனிசிலின் போட்டுவிட்டால் இந்தச் சண்டையே வேண்டாமே?

பரிவைத்தியம்:
வேண்டாம். கட்டி உருவான பிறகு போட்டால் அது பழுத்து உடைவது தள்ளிப்போகும். ஆரம்பக் காய்ச்சலிலேயே போட்டால் எதிர்ப்புச்சக்தி சரியாக வராமல், மருந்து நின்றதும் மறுபடி தொற்றலாம். மூச்சுத் திணறும் குதிரைக்குக் கட்டாயம் கொடுப்போம். ஊசி யாருக்கு, எப்போது என்பதை நேரில் பார்க்கிற மருத்துவர் முடிவு செய்யட்டும்.

இன்னொன்று. பெரும்பாலான குதிரைகள் பிழைத்துவிடும், ஆனால் கட்டி உடைந்து ஆறியதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஏறக்குறைய பத்தில் ஒரு குதிரை தொண்டைக்கு மேலே உள்ள காற்றுப்பையில் கிருமியை வைத்துக்கொண்டு, பார்க்க நல்ல உடம்போடு நிற்கும். மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மற்றவற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். எண்டோஸ்கோப் விட்டு அந்தப் பையைக் கழுவி எடுத்த நீரில் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே அதை மற்றக் குதிரைகளோடு விட வேண்டும்.

லாயக்காரன்:
அந்தச் செலவு யார் தலையில்? இதையெல்லாம் குதிரையைச் சேர்க்கும்போதே எழுதி வாங்கியிருந்தால்தான் இப்போது கேட்க முடியும். அதனால்தான் லாயக்காரன் பயப்படுகிறான், மறைக்கிற புத்தியால் அல்ல. சரி, சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போதே 'யாரும் குதிரையை வெளியே எடுக்கக் கூடாது, புதிதாக எதுவும் உள்ளே வராது' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொந்தக்காரர் பெயரைப் போடாதீர்கள்.

வெள்ளைக்குளம்பு:
பெயர் வேண்டாம் என்பதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நோய் வந்தது அவர் குற்றமில்லை. ஆனால் ஏற்கெனவே வெளியே போனவை? கடந்த இரண்டு வாரத்தில் எந்தக் குதிரை எங்கே போனது என்பது லாயக்காரரின் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கும். அவர் வாய் திறக்காமல் அங்கே எச்சரிக்கை எப்படிப் போகும்?

செவலைப்பரி:
போட்டிக்கென்று ஒரு குதிரை போயிருக்கிறது. நோயாளிக்கு எதிர்க் கொட்டடியில் நின்றது அது. லாயக்காரரிடம் இன்று நேரில் பேசப் போகிறேன். அவர் மறுத்தால் அந்தக் குதிரையின் சொந்தக்காரருக்கு நானே போன் செய்வேன்.

லாயக்காரன்:
நீங்கள் செய்யாதீர்கள், உங்கள் டாக்டரைப் பேசச் சொல்லுங்கள். பக்கத்துக் குதிரைக்காரர் சொன்னால் வதந்தி என்று தள்ளிவிடுவார்கள்.

செவலைப்பரி:
டாக்டரிடம் கேட்கிறேன். அவர் இன்றைக்குள் பேசவில்லையென்றால் நான் பேசுவேன். போட்டிக்குப் போன அந்தக் குதிரை பொதுத்தொட்டி உள்ள இன்னொரு லாயத்தில்தான் நின்றுகொண்டிருக்கிறது.