உதடும் பல்லும்: இரவு பத்துக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களே,
வடகொரியா பற்றிய கட்டுரை ஒன்றை இன்று இரவு பத்துக்குள் பெயர்த்துக் கொடுத்தாக வேண்டும். சீன-வடகொரிய உறவைச் சொல்லும் ‘சுன் ச்சி சியாங் யீ’ என்ற சீன நாற்சொல் தொடரில் மாட்டிக்கொண்டேன். உதடும் பல்லும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று பொருள். ‘நகமும் சதையும்’ என்று போட்டுவிடவா?
– ம.

வேண்டாம் ம. நகமும் சதையும் பாசம். இது பயம். பழஞ்சீனத்தில், கி.மு. 655இல் குவோ நாட்டைத் தாக்க, யூ நாட்டின் வழியே போக ஜின் நாடு அனுமதி கேட்டது. மூன்று ஆண்டுக்கு முன் நல்ல குதிரைகளும் ஜேடு கல்லும் கொடுத்து ஒருமுறை வழி வாங்கிய நாடுதான். ‘உதடு போனால் பல் குளிரும்’ என்று பழமொழி சொல்லித் தடுத்தார் யூவின் அமைச்சர் குங் சிச்சி. அரசன் கேட்கவில்லை. குவோவை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் யூவையும் விழுங்கியது ஜின். கல்லும் குதிரையும் கொடுத்தவனிடமே திரும்பின. குதிரைக்கு வயதேறிப் பல் மட்டும் நீண்டிருந்ததாம்! 1950இல் கொரியாவுக்குப் படை அனுப்பியபோதும் சீனாவில் இந்தப் பல்லும் உதடும்தான் பேச்சு.
– செ.

தொல்காப்பியர் எப்போதோ சொல் தந்துவிட்டார்: ‘பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்’. எனவே ‘பல்லிதழ் இயைபு’. ‘உறவு’ என்று சொல்லிப் பாருங்கள், முடிவில் பல் இதழைத் தொடும். ‘நட்பு’ பகரத்தில் முடிகிறது. அங்கே இதழ் மட்டுமே, பல்லுக்கு வேலையில்லை. இது தற்செயலா? பின்குறிப்பு: நாற்சொல் என்றால் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். ம. சொல்வது நாலெழுத்துத் தொடர்.
– புலவர் க.

ஐயா, வகரத்தில் முடிவதால் உறவு என்றால் ‘பிரிவு’ம் உறவுதானா? என் வகுப்பில் ‘பல்லிதழ்’ என்று எழுதினால் பிள்ளைகள் தாமரை வரைவார்கள். ‘உதட்டுறவு’ என்று எளிமையாக வையுங்கள்.
– தே.

அது உதட்டளவு உறவாகிவிடுமே அம்மா! உள்ளே ஒன்று வெளியே ஒன்று.
– செ.

‘உடுக்கை இழந்தவன் கைபோல’ இருக்கும்போது சீனத்துக்கு ஏன் போக வேண்டும்?
– இரா.

அங்கே கை ஓடிவந்து காக்கிறது. இங்கே பல் தனக்குக் குளிருமே என்றுதான் கவலைப்படுகிறது. வள்ளுவரை விடுங்கள்.
– செ.

மணி 9.40. ‘உதடு போனால் பல் குளிரும் என்கிற அண்டை உறவு’ என்று விரித்தே எழுதி அனுப்பிவிட்டேன். செ., தே. இருவரும் சரி என்று தனிமடல் போட்டார்கள். இரா. பதிலே போடவில்லை, சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.
– ம.

ஏழு சொல்லில் எழுதினால் அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. ‘பல்லிதழ் இயைபு’ என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டிருக்கலாம். ‘பிரிவு’ பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.
– புலவர் க.